அழகான இயேசு யாருக்காக?

எங்கள் வீடுகளின் வரவேற்பறைகளிலும் ஆலயங்களின் சுவர்களிலும் தொங்குகின்ற இயேசுவின் படங்களுள் பெரும்பாலானவற்றுக்கும் விவிலியத்துக்கும் உள்ள உறவு மிகவும் சொற்பமானது. இவ்வாறு எழுதுவதால் நண்பர்கள் சிலர் மனம் வருந்துவார்கள் என்பதை அறிவேன். ஆயினும், விவிலியக் கதைகளைத் தத்தமது காலத்தின் கண்கொண்டு தைலவர்ணத்தில் தீட்டுகின்ற ஓவியர்கள்மீது தொடர்ந்து சுமத்தப்பட்டுவரும் குற்றச்சாட்டுகளைப் படிக்கும்போது மௌனமாக இருக்க முடியவில்லை. குற்றச்சாட்டுகள் இரண்டு. புனிதமான கதையைத் தெருவுக்கு இழுத்துவந்து இவர்கள் அரசியல் பேசுகிறார்கள் என்பது ஒன்று. ஆண்டவரையும் அவருடைய தாயாரையும் சீடர்களையும் அவலட்சணமாகவும் அநாகரிகமாகவும் வரைகிறார்கள் என்பது மற்றையது. இரண்டையும் முன்வைப்பவர்கள் ஓவியனிடம் வேண்டி நிற்பது ஒன்றேதான்: அழகாக வரை, அமைதியாக வரை, எங்களைக் கலக்கமடையச் செய்யாதே.

இந்த வேண்டுகோள் பக்தியின் குரலாக ஒலிக்கிறது. என்னைக் கேட்டால், அது அந்தக் கதையையே மறுதலிக்கும் குரல் என்பேன்.

முதலில் மூலநூலுக்கு வருவோம். இயேசு உயரமானவரா, குள்ளமானவரா, அவருடைய கண்கள் என்ன நிறம், தலைமுடி எப்படிப்பட்டது என்று நான்கு நற்செய்தி நூல்களும் ஓரிடத்திலேனும் கூறவில்லை. கிறிஸ்தவர்கள் இயேசுவைக் குறித்த முன்னறிவிப்பாகக் கொள்கின்ற ஏசாயா நூலின் 53ஆம் அதிகாரமோ, துன்புறும் ஊழியனின் தோற்றத்தில் பிறரைக் கவரும் எழில் எதுவும் இருக்கவில்லை என்ற பொருளிலேயே பேசுகிறது. ஆகவே, அழகு என்பது மூலநூலில் இல்லாத நிபந்தனை. அது பின்வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது.

மூலநூலில் இருப்பவை எவை? ஒரு பத்திரிகையாளன் தன்னுடைய தொழிற்கண்ணோடு நற்செய்திகளைப் படித்தால், முதற்பக்கச் செய்திகளையே திரும்பத் திரும்பக் காண்பான். குடிசன மதிப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற ஒரு தம்பதிக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. அரியணை பறிபோகும் என்று அஞ்சிய மன்னன் ஒருவன் ஓர் ஊரின் ஆண் குழந்தைகளைக் கொன்றொழிக்கிறான். கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் இரவோடிரவாக எல்லை தாண்டி எகிப்துக்கு ஓடுகிறது. அரசனைக் கண்டித்த ஒருவரின் தலை விருந்தொன்றின் நடுவே தட்டில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது. பணத்துக்காக ஒருவன் தன் தலைவனைக் காட்டிக்கொடுக்கிறான். இரவில் கைது, அவசர விசாரணை, குற்றமில்லை என்று அறிந்தும் கூட்டத்துக்குப் பயந்து தீர்ப்பளிக்கும் ஆளுநர், சித்திரவதை, பகிரங்க மரணதண்டனை. இவற்றை எல்லாம் தெருவுக்கு இழுத்துவர எந்த ஓவியனும் தேவையில்லை. இவை நடந்ததே தெருவில்தான்.

இப்படிப்பட்ட கதைக்கு எத்தகைய படம் உலகெங்கும் பரவியது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் சிக்காக்கோ நகரைச் சேர்ந்த வோர்னர் சால்மன் என்ற விளம்பர ஓவியர் 1924ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவ சஞ்சிகையின் அட்டைக்காகக் கரித்துண்டால் இயேசுவின் தலையை வரைந்தார். 1940ஆம் ஆண்டு அதையே தைலவர்ணத்தில் தீட்டினார். ‘கிறிஸ்துவின் தலை’ என்ற அந்த ஓவியம் 50 கோடிக்கும் அதிகமான பிரதிகளாக அச்சிடப்பட்டது என்கிறார்கள். இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது பணப்பைக்குள் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய பிரதிகள் அமெரிக்கப் படைவீரர்களுக்கு வழங்கப்பட்டன. வெளிர்நிற மேனி, தோளில் புரளும் மென்மையான கூந்தல், சீராகக் கத்தரிக்கப்பட்ட தாடி, எங்கோ மேலே நோக்கும் கண்கள், முகத்தில் விழும் பொன்னொளி. கலண்டரிலும் செபப் புத்தகத்திலும் பேருந்துச் சாரதியின் இருக்கைக்கு மேலும் நாம் கண்டு வளர்ந்த முகம் இதுவாகவோ இதன் சாயலாகவோ இருந்தது.

அந்தப் படத்தின் முன் முழந்தாளிட்டு அழுத தாய்மாரை நான் குறை கூறவில்லை. அவர்களுடைய கண்ணீர் உண்மையானது. படம் எதுவாக இருந்தாலும் அந்தக் கண்ணீர் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்திருக்கும். நான் குறை கூறுவது வேறு விடயத்தை. தூசி படாத, வியர்க்காத, எவரோடும் பகைக்காத அந்த முகம் காலப்போக்கில் அளவுகோலாக மாறிவிட்டது. அதற்கு ஒத்துவராத முகத்தை வரைபவன் அவமதிப்பவன் என்று ஆயிற்று. நான் அறிந்த பத்திரிகை அலுவலகங்களில் நத்தார் சிறப்பிதழுக்கும் பெரிய வெள்ளி சிறப்பிதழுக்கும் படம் தேடும்போது, எவரும் தொலைபேசியில் அழைத்து முறையிடாத படத்தைத் தேர்வதே எழுதப்படாத விதியாக இருந்தது. ஒரு மனிதனை ஆணியடித்துக் கொன்ற நாளைக் குறிக்கும் பக்கத்துக்கு எவரையும் சங்கடப்படுத்தாத படம் தேடுவது எத்தகைய விநோதம்!

இனி, அளவுகோலை மீறிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சேர்ந்த ரொனால்ட் ஹரிசன் 1962ஆம் ஆண்டு ‘கறுப்புக் கிறிஸ்து’ என்ற தைலவர்ண ஓவியத்தைத் தீட்டியபோது அவருக்கு வயது 22. சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவுக்கு அவர் கொடுத்த முகம் அல்பர்ட் லுத்துலியினுடையது. லுத்துலி ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர். 1960ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசைப் பெற்றவர். தேவாலயத்தில் பிரசங்கம் செய்த பக்தியுள்ள கிறிஸ்தவர். நிறவெறி அரசு அவருடைய நடமாட்டத்தையும் பேச்சையும் தடை செய்திருந்தது. சிலுவையின் அடியில் நின்ற உரோமப் படைவீரர்கள் இருவருக்கும் ஹரிசன் கொடுத்த முகங்கள் அப்போதைய பிரதமர் ஹென்ட்ரிக் வெர்வூர்டினுடையதும் நீதி அமைச்சர் ஜோன் வொர்ஸ்டரினுடையதும் ஆகும்.

இந்த ஓவியம் கலைக்கூடம் ஒன்றில் முதன்முதலாக வைக்கப்படவில்லை. சோல்ட் ரிவர் பகுதியிலுள்ள புனித லூக்கா அங்கிலிக்கன் ஆலயத்தில், பேராயர் யோஸ்ட் டி பிளாங்கின் ஆதரவுடன் திறந்துவைக்கப்பட்டது. இதைக் கவனிக்க வேண்டும். தன்னைக் கிறிஸ்தவ அரசு என்று சொல்லிக்கொண்ட ஓர் ஆட்சியும், நிறப்பிரிவினைக்கு வேதத்திலிருந்தே நியாயம் காட்டிய டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையும் செல்வாக்குடன் இருந்த நாட்டில், வேறொரு திருச்சபை தன்னுடைய ஆலயத்தின் சுவரை ஓர் இளைஞனுக்குக் கொடுத்தது. அரசு ஓவியத்தை அகற்றப் பணித்தது. தடை விதித்தது. ஹரிசன் கைது செய்யப்பட்டு பாதுகாப்புப் பொலிஸாரால் சித்திரவதை செய்யப்பட்டார். ஓவியம் இரகசியமாக இங்கிலாந்துக்குக் கடத்தப்பட்டது. லண்டன் புனித பவுல் பேராலயத்தின் கனொன் ஜோன் கொலின்ஸ் அதைக் காட்சிப்படுத்தி, நிறவெறிக்கு எதிராக வழக்குகளில் சிக்கியவர்களின் பாதுகாப்பு நிதிக்குப் பணம் திரட்டினார். அதன்பின்னர் நீண்டகாலம் லண்டனில் ஒரு வீட்டின் நிலவறையில் மறைந்திருந்த ஓவியம் 1997ஆம் ஆண்டு தாயகம் திரும்பியது. இன்று அது கேப் டவுனிலுள்ள தேசிய கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஹரிசன் 2011ஆம் ஆண்டு காலமானார்.

ஒரு துண்டுப்பிரசுரத்துக்கு அஞ்சாத அரசு ஓர் ஓவியத்துக்கு ஏன் இவ்வளவு அஞ்சியது? துண்டுப்பிரசுரம், அமைச்சரே, உங்கள் சட்டம் அநீதியானது என்று சொல்லும். அமைச்சர் அதற்குப் பதில் சொல்வார். ஆனால், ஓவியம் அவரைச் சிலுவையின் அடியில் ஈட்டியுடன் நிறுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாம் கேட்கும் கதையில் தாம் யாருடைய பக்கத்தில் நிற்கிறோம் என்று அவருக்கே காட்டிவிட்டது. இதற்குப் பாராளுமன்றத்தில் பதில் இல்லை. அதிகாரத்திலுள்ள கிறிஸ்தவனை விவிலியக் கதையால் மாத்திரமே இப்படிக் கைப்பிடியாகப் பிடிக்க முடியும். அந்த வல்லமையைக் கதையிலிருந்து பிடுங்கிவிட்டு, பொன்னொளி வீசும் முகத்தை மாத்திரம் மிச்சம் வையுங்கள் என்று கேட்பவர்கள், தாம் யாருக்கு உதவி செய்கிறோம் என்பதை ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தெய்வ நிந்தனை என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜேர்மனிய ஓவியர் எமில் நோல்டே 1911, 1912ஆம் ஆண்டுகளில் ‘கிறிஸ்துவின் வாழ்க்கை’ என்ற தலைப்பில் ஒன்பது பகுதிகள் கொண்ட தைலவர்ண ஓவியத் தொகுதியைத் தீட்டினார். கொதிக்கும் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டப்பட்ட முரட்டு முகங்கள். சீடர்களும் இயேசுவும் யூதக் குடியானவர்களாகவே காட்சி தருவார்கள். 1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் மியூனிக் நகரில் நாஸிகள் ‘சீரழிந்த கலை’ என்ற கண்காட்சியைத் திறந்தபோது, நவீன ஓவியர்கள் தெய்வத்தை ஏளனம் செய்கிறார்கள் என்று காட்டுவதற்காக ஒதுக்கிய அறையில் இந்தத் தொகுதியை நடுநாயகமாகத் தொங்கவிட்டார்கள். யூதர்களை அழித்தொழிக்கப் புறப்பட்டவர்களே யூதரான இயேசுவின் கௌரவத்தைக் காப்பதாகப் பறைசாற்றினார்கள். இதில் இன்னொரு கசப்பும் உண்டு. நோல்டே நாஸிக் கட்சியின் உறுப்பினர், யூத வெறுப்பாளர். ஆனாலும், கதையை நேர்மையாகப் படித்த அவருடைய தூரிகை அவருடைய கட்சிக்கு உடன்படவில்லை. ஓவியன் தவறிய இடத்தில் ஓவியம் தவறவில்லை. புனிதத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கூவுகின்ற ஒவ்வொருவரும் நாஸி என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூச்சலை மாத்திரம் பக்திக்குச் சான்றாக ஏற்க முடியாது என்கிறேன்.

அடுத்த ஆண்டு, 1938இல், பாரிஸில் வாழ்ந்த யூத ஓவியர் மார்க் ஷகால் ‘வெள்ளைச் சிலுவைமரணம்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். ஜேர்மனியில் யூதத் தொழுகைக்கூடங்கள் இடிக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் வந்த ஆண்டு அது. ஷகாலின் இயேசு இடையில் அணிந்திருப்பது யூதர்கள் செபத்தின்போது போர்த்திக்கொள்ளும் சால்வை. சிலுவையைச் சுற்றி ஒரு கிராமம் எரிகிறது. தொழுகைக்கூடம் தீப்பற்றுகிறது. வேதச்சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் ஓடுகிறார். படகொன்றில் அகதிகள் நெருக்கியடித்துக்கொண்டு கையசைக்கிறார்கள். இயேசுவை யூதர்கள் கொன்றார்கள் என்று சொல்லிச் சொல்லியே யூதர்களைக் கொன்ற ஐரோப்பாவுக்கு, நீங்கள் இன்று எரித்துக்கொண்டிருப்பது அவரைத்தான் என்று அந்த ஓவியம் கூறியது. 2025ஆம் ஆண்டு காலமான பாப்பரசர் பிரான்சிஸ் தமக்கு மிகவும் பிடித்த ஓவியமாக இதையே குறிப்பிட்டார். அவலட்சணம், அரசியல் என்று முகஞ்சுளிக்கும் நம்மவர்கள் தங்கள் பாப்பரசரின் இரசனையோடு வழக்காடிக்கொள்ளட்டும்.

ஷகாலின் அந்தப் படகை ஈழத்தமிழ் வாசகர்கள் வேறு எவரையும்விட விரைவில் அடையாளம் காண்பார்கள். 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 492 பேருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்த ‘சன் சீ’ கப்பலின் படங்களைப் பார்த்தவர்கள் நாம். எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைக் கழுதைமேல் அமர்ந்த சாந்தமான தாயாகவும் பின்னணியில் பேரீச்சை மரமாகவும் வரைந்தால், நம்மில் ஒருவருக்கும் அந்தக் குடும்பம் உறவாகாது. அவர்களுடைய முகத்தில் இரவுப் பயணத்தின் பயத்தை வரைந்தால், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சிட்னியிலும் இருக்கும் எத்தனையோ பேருக்கு அந்தக் குடும்பம் சொந்தக் குடும்பமாகும்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு இந்தக் கதைகளைத் தீட்ட என்ன உரிமை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கிருஷேன் கன்னாவைப் பாருங்கள். 1925ஆம் ஆண்டு பிறந்து, இன்று பாகிஸ்தானிலுள்ள லயல்பூரில் வேர்கொண்டிருந்த அவர், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தவர். வங்கி உத்தியோகத்தை 1961ஆம் ஆண்டு துறந்து முழுநேர ஓவியரானவர். இறுதி இராவுணவு, காட்டிக்கொடுப்பு, எம்மாவு ஊரில் உயிர்த்த இயேசுவுடன் உண்ட உணவு ஆகியவற்றை எல்லாம் அவர் தைலவர்ணத்தில் தீட்டினார். அவருடைய சீடர்கள் டில்லித் தெருக்களின் கூலியாட்களையும் பக்கீர்களையும் ஒத்தவர்கள். தேநீர்க்கடை வாங்கில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். மீன்பிடிகாரரும் வரி வசூலித்தவனும் பின் எப்படி இருந்திருப்பார்கள்? கலிலேயாவின் ஏழைகளைக் கன்னா டில்லியில் கண்டுபிடித்தார். வீடிழந்த ஓர் இந்து, திருமுழுக்குப் பெற்ற பலரைவிட அந்தக் கதைக்கு அருகில் சென்றுவிட்டார் என்பதே என் எண்ணம்.

இனி, நமக்கு அண்மையிலுள்ள கேரளத்துக்கு வருகிறேன். மலையாள மனோரமா நிறுவனத்தின் இலக்கிய இதழான ‘பாஷாபோஷிணி’ 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு நாடகப் பிரதியை வெளியிட்டது. உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1917ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பிரான்ஸில் சுட்டுக்கொல்லப்பட்ட நடனமாது மாதா ஹரியைப் பற்றி சி. கோபன் எழுதிய நாடகம் அது. அதற்காக ரொம் வட்டக்குழி தீட்டிய ஓவியத்தில், இறுதி இராவுணவின் அமைப்பிலுள்ள மேசையின் நடுவே மார்பு திறந்த கோலத்தில் ஒரு பெண் இருக்கிறாள், சுற்றிலும் கன்னியாஸ்திரிகள். கத்தோலிக்கத் தரப்பினர் கொதித்தெழுந்தார்கள். பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. வருத்தம் தெரிவிக்கப்பட்டது.

எதிர்த்தவர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நற்கருணை அவர்களுக்கு உணவுமேசைப் படம் அல்ல, உயிர். தம் வாழ்வையே அர்ப்பணித்த கன்னியாஸ்திரிகளை நிர்வாணத்தோடு சேர்த்துக் காட்டியது கேலி என்று அவர்கள் கருதினார்கள். அந்தக் காயத்தைச் சொல்லவும் எழுதவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால், அந்த ஓவியம் சொல்வது என்ன? மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு பெண். உலகமே வேசி என்று இழித்த பெண். மாதா ஹரி அடைக்கப்பட்டிருந்த பாரிஸ் சிறைச்சாலையில் பெண் கைதிகளைப் பராமரித்தவர்கள் உண்மையிலேயே கன்னியாஸ்திரிகள்தாம். அத்தகைய பெண்ணின் கடைசி உணவுக்குத் துணையிருப்பதைவிடத் துறவறப் பெண்களுக்கு மேலான கௌரவத்தை எந்த ஓவியன் கொடுக்க முடியும்? இயேசுவின்மீது அவர் காலத்துச் சமயத் தலைவர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளுள் ஒன்று, பாவிகளோடு ஒரே மேசையில் உண்டார் என்பது. பரிசேயன் வீட்டு விருந்தில் பாவியென்று பெயரெடுத்த பெண்ணொருத்தி வந்து அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்தபோது, முகஞ்சுளித்தது விருந்தளித்தவன். இயேசு முகஞ்சுளிக்கவில்லை.

இவ்விடத்தில் பத்திரிகைக்காரனாகவும் ஒரு சொல். வாசகர் கடிதம், மறுப்புக் கட்டுரை, எதிர்ப்புக் கூட்டம் எல்லாம் வாதத்தின் பகுதிகள். அச்சடித்த இதழைத் திரும்பப் பெறுவது வாதத்தை முடித்துவைப்பது. ஒரு பத்திரிகை தான் வெளியிட்டதைப் படிக்கக்கூடாதது என்று தானே அறிவிக்கும்போது, அடுத்த ஓவியனும் அடுத்த ஆசிரியனும் கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்கிறார்கள். அதன்பிறகு தணிக்கையாளர் தேவைப்படமாட்டார்.

அப்படியானால் விவிலியத்தின் பெயரால் எதையும் வரையலாமா, கண்காட்சிக்குக் கூட்டம் சேர்க்கவும் ஏலத்தில் விலையேற்றவும் சிலுவையைப் பயன்படுத்துபவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். பக்தியை விற்பவர்கள் இருப்பதுபோல் அதிர்ச்சியை விற்பவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் கதை ஒரு மூலதனம் மாத்திரமே. இவர்களைப் பிரித்தறிய நான் கைக்கொள்ளும் வழி ஒன்றுண்டு. ஓவியத்தைப் பார்த்தவுடன், இதனால் நித்திரை இழப்பவர் யார் என்று கேட்டுக்கொள்வேன். ஏரோதும் பிலாத்தும் நித்திரை இழந்தால் அந்த ஓவியம் கதையின் பக்கத்தில் நிற்கிறது. ஏற்கெனவே நித்திரையின்றிக் கிடப்பவர்களை, ஏழைகளை, சிறுபான்மையினரை ஏளனம் செய்வது மாத்திரமே அதன் வேலை என்றால், அது எவ்வளவு திறமையாகத் தீட்டப்பட்டிருந்தாலும் நான் அதற்காக வாதாட மாட்டேன். அதையும் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். அது எவருக்கும் பயன்படாது என்று எழுதுவேன்.

நம் நாட்டுக்கும் இந்த விடயம் அந்நியமானதல்ல. டேவிட் பெயின்ரர் 1920களின் பிற்பகுதியிலிருந்து கண்டி திரித்துவக் கல்லூரியின் ஆலயத்தில் தீட்டிய சுவரோவியங்களில் நல்ல சமாரியனையும் சீடர்களின் பாதங்களைக் கழுவும் இயேசுவையும் சிலுவைமரணத்தையும் காணலாம். முகங்கள் இந்த மண்ணின் முகங்கள். தாடியில்லாத இளைஞரான கிறிஸ்து நம் களப்புகளில் வளரும் கண்டல் மரங்களின் பின்னணியில் சிலுவையில் தொங்குகிறார். 1968ஆம் ஆண்டு கல்கிசை புனித தோமையர் கல்லூரி ஆலயத்திலும் அவர் இயேசுவின் உருமாற்றத்தைத் தீட்டினார். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், ஆங்கில மிஷனரிகள் நடத்திய ஒரு கல்லூரி இந்தத் துணிவைக் காட்டியது. நம்முடைய ஆலயங்கள் இன்று அதைக் காட்ட முடியாதா?

தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து மரபு இன்னும் துணிவானது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஏரோது மன்னன் நம்மூர்க் கூத்தரசனின் முடியும் உடுப்பும் அணிந்து, நம்மூர்த் தாளக்கட்டுக்கு ஆடியபடியே அவைக்கு வந்திருக்கிறான். அருட்தந்தை நீ. மரிய சேவியர் 1965ஆம் ஆண்டு தொடக்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் பல்லாயிரம் மக்கள் முன்னிலையில் மேடையேற்றியது. போர்க்காலத்தில் அந்நாடகத்தைப் பார்த்த எந்தத் தாயும் சிலுவையின் அடியில் நின்ற தாயை வெளிநாட்டவளாக எண்ணியிருக்க மாட்டாள். மேடையில் அனுமதித்ததைத் துணியிலும் சுவரிலும் ஏன் அனுமதிக்க மறுக்கிறோம்? நாடகம் ஓர் இரவோடு முடிந்துவிடும். ஓவியம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அச்சம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியவிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. சீயோனில் மாண்டவர்களுள் பலர் சிறுவர்கள். நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் உயிர்த்த இயேசுவின் சுருவத்தின்மீது மக்களின் இரத்தம் தெறித்தது. அந்தப் பங்கு மக்கள் அதைக் கழுவவில்லை. வெள்ளைப் பூச்சும் பூசவில்லை. இரத்தக் கறைகளோடேயே கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

எந்த இறையியல் மாநாடும் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. கலை விமர்சகர் எவரும் ஆலோசனை கூறவும் இல்லை. அந்தச் சுருவம் முன்பு அழகாக இருந்தது. இப்போது உண்மையாக இருக்கிறது என்பதை அவர்கள் தாங்களாகவே அறிந்துகொண்டார்கள். ஹரிசனும் ஷகாலும் வர்ணத்தால் செய்ததை நீர்கொழும்பின் எளிய மக்கள் கழுவ மறுத்ததனால் செய்தார்கள். சாதாரண விசுவாசி அழகான படத்தையே விரும்புகிறான், அவனைக் குழப்பாதீர்கள் என்று அவனுடைய பெயரால் பேசுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இன்று நிலைமை இன்னொரு பக்கத்தால் மோசமடைந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி எழுதிக் கேட்டால், அரை நிமிடத்துக்குள் வழுவழுப்பான மேனியும் நீலக் கண்களுமாக ஓர் இயேசுவைச் செய்து தந்துவிடுகிறது. பெரிய வெள்ளியன்று கைத்தொலைபேசிகளில் வந்து குவியும் படங்களில் முள்முடிகூட ஆபரணம்போல் மின்னுகிறது. உலகில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் படங்களின் சாயல்களைச் சேர்த்துப் பிசைந்தால் வேறு என்ன கிடைக்கும்? கேட்பவரைத் திருப்திப்படுத்துவதற்காகவே உண்டாக்கப்படும் படத்தில் எவரும் எவரையும் குற்றஞ்சாட்டப்போவதில்லை. அதற்காக எவரும் கைதாகப்போவதுமில்லை.

என்னுடைய கோரிக்கை எளிமையானது. வடக்கிலும் கிழக்கிலும் மீளக் கட்டப்பட்ட ஆலயங்கள் பல உள்ளன; புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழர்கள் கூடி வழிபடும் ஆலயங்களும் பல. அவற்றைப் பொறுப்பேற்றுள்ள ஆயர்களும் குருக்களும் பங்குச் சபையினரும், சளவைக்கல்லுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை வாழுகின்ற ஓர் ஓவியருக்கு ஒதுக்கட்டும். அவர் எச்சமயத்தவர் என்று கேட்க வேண்டாம். கதையைப் படித்தாரா என்று கேளுங்கள். பெத்லகேமில் பிள்ளைகளை இழந்த தாய்மாரை வரையச் சொல்லுங்கள். அவர் எந்த ஊரின் தாய்மாரை வரைகிறார் என்பதில் தலையிடாதீர்கள். பிலாத்து கைகழுவும் காட்சியை வரையச் சொல்லுங்கள். பிலாத்தின் முகம் யாரைப் போல் இருக்கிறது என்று திறப்பு விழாவுக்கு வரும் பிரமுகர் கோபித்துக்கொண்டால், கோபிக்கட்டும்.

படம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதன் முன்னால் நின்று செபிக்க முதல் சில வாரங்கள் கடினமாகவும் இருக்கலாம். சிலுவைமரணத்தின் முன்னால் நின்று எளிதாகச் செபிக்க முடிகிறது என்றால், நாம் பார்த்துக்கொண்டிருப்பது வேறு எதையோதான்.